மாமனா மச்சானா? பிரபலங்களின் மரணம் ரசிகர்களை ஏன் இவ்வளவு பாதிக்கிறது

ருடால்ஃப் வாலன்டினோ என்ற திரைப்பட நடிகர் 1926 ஆகஸ்ட் 23 அன்று நியூயார்க்கில் இறந்தபோது அவருக்கு வயது 31. வயிற்றுப் புண்ணுக்காகச் செய்யப்பட்ட அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து உண்டான தொற்று அவருடைய உயிரைப் பறித்தது. அவருடைய உடலைப் பார்ப்பதற்காக ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் தெருக்களில் திரண்டார்கள். நெரிசலில் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, பலர் காயமடைந்தார்கள். வாலன்டினோ நடித்தவை பேசாப் படங்கள். அன்று அழுதபடி நின்றவர்களில் பெரும்பாலோர் அவருடைய குரலைக்கூடக் கேட்டதில்லை.

ரசிகர்களின் துயரத்தைச் சமூக ஊடகங்கள் கிளப்பிவிடும் மிகையுணர்ச்சி என்று கருதுகிறவர்கள் இந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். தொலைக்காட்சி வீடுகளுக்கு வருவதற்கும் இணையம் தோன்றுவதற்கும் வெகு காலம் முன்பே, ஒருமுறைகூட நேரில் சந்தித்திராத ஒருவருக்காக மனிதர்கள் நெஞ்சு விம்ம அழுதிருக்கிறார்கள். அப்படி அழுகிறவர்களைப் பார்த்து நாம் வழக்கமாகக் கேட்பது, "செத்தவர் உனக்கு மாமனா மச்சானா?" என்பதுதான். கேலியாகக் கேட்கப்பட்டாலும் அது நல்ல கேள்வி. இறந்தவர் அந்த ரசிகருக்கு எந்த வகையில் உறவு, அந்த உறவு முறியும்போது அவர் எதை இழக்கிறார் என்று உளவியல் கடந்த எழுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறது. அந்த ஆய்வுகள் சொல்வதை, இத்துறைக்குப் புதியவர்களும் புரிந்துகொள்ளும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

ஒருதலை உறவு

டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-இல் 'சைக்கியாட்ரி' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் மக்களின் வாழ்க்கைக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. நிகழ்ச்சியை நடத்துபவர் கேமராவை நேராகப் பார்த்து, எதிரில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் போலப் பேசுகிறார். தம் பழக்கவழக்கங்களைச் சொல்லிச் சிரிக்கிறார். அடுத்த வாரமும் அதே நேரத்தில் தவறாமல் வருகிறார். பார்க்கிறவரும் அவருக்குத் தலையசைக்கிறார், சில வேளைகளில் வாய்விட்டுப் பதில்கூடச் சொல்கிறார். முகத்துக்கு முகம் பழகுவதைப் போன்ற நெருக்கம் இதனால் உண்டாகிறது என்றும், ஆனால் அந்த நெருக்கம் ஒரு பக்கத்தில் மட்டுமே வாழ்கிறது என்றும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். இந்தப் பிணைப்புக்கு அவர்கள் இட்ட பெயர் பாராசோஷியல் உறவு. தமிழில் இதை ஒருதலை உறவு என்று சொல்லலாம்.

இது எப்படி நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. மனித மூளை உருவாகி வந்த மிக நீண்ட காலத்தில், ஒரு முகத்தை நூறு முறை பார்த்தோம் என்றால் அவர் நம்மோடு வாழ்கிறவராகத்தான் இருக்க முடியும். ஒரு குரலை அன்றாடம் கேட்டோம் என்றால் அந்தக் குரலுக்குரியவர் கூப்பிடு தொலைவில் இருந்தாக வேண்டும். பழகிய முகத்தையும் பழகிய குரலையும் நம்மவர் என்று ஏற்றுக்கொள்ளும் இந்த இயல்பு, திரைகள் வந்த பிறகு தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. நாம் பார்ப்பது படம் என்று நம் அறிவுக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் பழக்கம் தன் வேலையைச் செய்துவிடுகிறது.

எகிப்தியப் பாடகி உம் குல்தூமின் வாழ்க்கை இதற்குத் தெளிவான சான்று. ஒவ்வொரு மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவிலும் அவருடைய கச்சேரி வானொலியில் நேரடியாக ஒலிபரப்பாயிற்று. பல பத்தாண்டுகள் நீடித்த அந்த வழக்கத்தில், அரபு நாடுகளெங்கும் குடும்பங்களும் நண்பர்களும் அந்த இரவுக்காகக் காத்திருந்து கூடி உட்கார்ந்தார்கள். அவர் 1975 பிப்ரவரி 3 அன்று இறந்தபோது கெய்ரோவின் தெருக்களில் பெருங்கூட்டம் பொங்கியது. சவப்பெட்டியைச் சுமந்தவர்களிடமிருந்து மக்கள் அதை வாங்கித் தங்கள் தோள்களில் ஏந்திச் சென்றார்கள். அம்மக்களின் மாதக் கணக்கே அந்தப் பாடகியின் குரலைச் சுற்றி அமைந்திருந்தது. அத்தகைய ஒருவரை அயலார் என்று சொல்வது, சொல்லின் அகராதிப் பொருளில் சரியாக இருக்கலாம்; வாழ்க்கையின் உண்மைக்குப் பொருந்தாது.

ஒருதலை உறவு நோயல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நண்பர்கள் இல்லாதவர்கள்தான் நடிகர்களிடமும் பாடகர்களிடமும் மனத்தைப் பறிகொடுக்கிறார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் நெருங்கிய குடும்பமும் நிறைந்த நட்பும் உடையவர்களிடமும் இந்தப் பிணைப்பு இயல்பாகவே உருவாகிறது. பிரபலத்தைப் பின்தொடர்ந்து சென்று தொல்லை கொடுப்பது, அவரும் தன்னை நேசிக்கிறார் என்று உறுதியாக நம்புவது போன்றவை முற்றிலும் வேறான சிக்கல்கள். அவை மிக அரிதாகவே காணப்படுகின்றன. பெரும்பாலான ரசிகர்களுக்குத் தங்கள் உறவு ஒருதலையானது என்பது நன்றாகத் தெரியும். தெரிந்தே நேசிக்கிறார்கள், தெரிந்தே அழுகிறார்கள்.

இழப்பது எதை?

ஒருவர் இறந்த செய்தியைக் கேட்டு ரசிகர் அழும்போது, அந்த அழுகைக்குள் பல இழப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அவற்றை ஓரளவு பிரித்துப் பார்த்தால்தான், "இவ்வளவு வலிக்க என்ன இருக்கிறது?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு வெட்கப்படும் ரசிகருக்கு விடை கிடைக்கும்.

முதலில் அவருடைய சொந்த இளமை. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையின் நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான காலத்தின் நினைவுகள் மற்றக் காலத்தைவிட அதிகமாக வருவதை நினைவாற்றல் ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறார்கள். நமக்குப் பிடித்த பாட்டு எது, நடிகர் யார், விளையாட்டு வீரர் யார் என்பவை பெரும்பாலும் முடிவாவதும் அந்த ஆண்டுகளில்தான். ஆகவே ஒரு பாடகரின் குரலோடு முதல் காதலும், தேர்வுக்குக் கண்விழித்த இரவுகளும், முதல் சம்பளமும், பிரிந்துபோன நண்பர்களும் சேர்ந்தே பதிந்திருக்கிறார்கள். பாடகர் உயிரோடு இருக்கும் வரை அந்தக் காலம் முழுவதுமாக முடிந்துவிடவில்லை என்ற உணர்வு நமக்குள் எங்கோ இருக்கிறது. அவருடைய மரணச் செய்தி அந்த உணர்வை ஒரே நொடியில் இல்லாமல் ஆக்கிவிடுகிறது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தம் பதினேழு வயதுக்காகவும் சேர்த்தே அழுகிறார்.

அடுத்தது, அந்தப் பிரபலத்தின் வழியாக நமக்கு உறவான உயிருள்ள மனிதர்கள். அப்பா விரும்பிக் கேட்ட பாடகர், அண்ணன் கைப்பிடித்து அழைத்துச் சென்று காட்டிய ஆட்டக்காரர், பாட்டியோடு உட்கார்ந்து பார்த்த நகைச்சுவை நடிகர் என்று நம் ரசனையில் பாதி நம் வீட்டாரிடமிருந்து வந்தது. அப்பா முன்பே இறந்துவிட்டார் என்றால், அவர் விரும்பிய பாடகரின் மரணம் அப்பாவின் மரணத்தை மறுபடி திறந்துவிடும். செய்தியைக் கேட்டதும் அளவுக்கு மீறி உடைந்துபோகிறவர்களிடம் பொறுமையாகப் பேசிப் பார்த்தால், ஆறாத வேறொரு துக்கம் அடியில் இருப்பது பல வேளைகளில் தெரியவரும். வெளியே பேச முடியாமல் அடக்கி வைத்த துக்கத்துக்கு ஒரு பிரபலத்தின் சாவு வழி திறந்துவிடுகிறது. அது ஏமாற்றோ மிகையோ அல்ல.

இன்னும் சிலருக்கு அந்தப் பிரபலம் ஒரு துணிச்சல். தம் இனத்தையோ நிறத்தையோ உடலையோ பேச்சையோ உலகம் இழிவாகப் பார்த்த காலத்தில், அதே அடையாளத்தோடு தலைநிமிர்ந்து மேடையில் நின்ற ஒருவர் அவர்களுக்கு வாழ வழி காட்டியிருப்பார். அமெரிக்க நடிகர் சாட்விக் போஸ்மேன் 2020 ஆகஸ்ட் 28 அன்று 43 வயதில் இறந்தபோது, உலகெங்கும் கறுப்பினக் குழந்தைகளின் பெற்றோர் அந்தச் செய்தியைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வதென்று தவித்தார்கள். திரையில் அவர் ஏற்ற சூப்பர்ஹீரோ வேடம், தங்களைப் போன்ற முகமுடைய நாயகனை அந்தக் குழந்தைகளுக்கு முதன்முதலாகத் தந்திருந்தது.

போஸ்மேனின் மரணம் இன்னொன்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருப்பது 2016-லேயே கண்டறியப்பட்டிருந்தது. அதன்பிறகு சிகிச்சைக்கு இடையிடையேதான் அவர் பல படங்களில் நடித்தார். வெளியுலகுக்கு அதைச் சொல்லவில்லை. பாடகர் டேவிட் போவியும் அப்படியே. தம் 69-ஆவது பிறந்தநாளான 2016 ஜனவரி 8 அன்று புதிய இசைத்தொகுப்பை வெளியிட்ட அவர் இரண்டே நாளில் இறந்தார்; அவருக்குப் புற்றுநோய் இருந்தது ரசிகர்களுக்கு அதன் பிறகே தெரிந்தது. வெள்ளிக்கிழமை புதிய பாடல்கள் என்று மகிழ்ந்து கேட்டவர்கள், திங்கட்கிழமை அவற்றையே விடைபெறும் சொற்களாகக் கேட்டார்கள். இத்தகைய மரணங்களில் துயரத்தோடு ஒரு திகைப்பும் கலந்துவிடுகிறது. எல்லாம் தெரிந்தவரைப் போல நினைத்திருந்தோமே, அவர் பட்ட பாட்டில் நமக்கு எதுவுமே தெரியவில்லையே என்ற திகைப்பு அது. உறவு ஒருதலையானது என்பது அவர் வாழ்ந்தபோது உறுத்தவில்லை; இறந்த அன்றுதான் உறுத்துகிறது.

நம் சொந்த மரணத்தைப் பற்றிய அச்சமும் இதில் உண்டு. நம் வயதையொத்த பிரபலம் மாரடைப்பில் இறந்தார் என்றால் அன்றிரவு நம் நெஞ்சின் துடிப்பை நாமே கவனிப்போம்.

ஏன் இது விந்தையான துக்கம்

வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால் இழவுச் செய்தி சொல்ல ஆள் வருவார், உறவினர் கூடுவார்கள், விடுப்பு கிடைக்கும், பார்க்கிறவர்கள் கையைப் பிடித்து ஆறுதல் சொல்வார்கள். ரசிகருக்கு இவை எதுவும் இல்லை. வேலைக்கு நடுவில், பேருந்துப் பயணத்தில், கைபேசித் திரையில் ஒரு வரியாகச் செய்தி வந்து சேர்கிறது. அடுத்த நிமிடம் அவர் பழையபடி வேலையைத் தொடர வேண்டும். இறுதிச் சடங்கில் அவருக்கு இடமில்லை. குடும்பத்தாரிடம் ஆறுதல் சொல்லவும் வழியில்லை. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-இல் இத்தகைய நிலைகளைத் தொகுத்து, சமூகத்தின் அங்கீகாரம் பெறாத துக்கம் என்ற கருத்தை முன்வைத்தார். மணமுறிவு பெற்ற துணையின் மரணம், கருச்சிதைவு, வளர்ப்பு விலங்கின் சாவு போன்றவற்றில் துக்கம் உண்மையாக இருந்தும், துக்கப்படும் உரிமை அவருக்கு இல்லை என்று சுற்றியிருப்பவர்கள் கருதுகிறார்கள். ரசிகரின் துக்கமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

அங்கீகாரம் இல்லாத துக்கத்தில் வலி இரட்டிப்பாகிறது. இழப்பு ஒன்று, அதை மறைக்க வேண்டியிருப்பது மற்றொன்று. "உனக்கு வேறு வேலையில்லையா?" என்ற ஒரு வார்த்தை போதும், அதன்பின் அவர் வாயே திறக்க மாட்டார்.

மற்றொரு விந்தை, இறந்தவர் நமக்குத் தெரிந்த வடிவத்தில் அப்படியே இருக்கிறார் என்பது. நாம் அறிந்த பாடகர் எப்போதுமே ஒலிப்பதிவாகத்தான் நம்மோடு இருந்தார். அந்தப் பதிவுகள் இன்றும் இருக்கின்றன. அப்படியானால் நாம் இழந்தது என்ன? இனி வரவிருந்தவற்றை இழந்திருக்கிறோம். அடுத்த படம், அடுத்த பாட்டு, அடுத்த பேட்டி ஆகியவை இனி இல்லை. முன்பு வளர்ந்துகொண்டிருந்த ஒரு தொகுப்பு, இனி எண்ணி முடித்துவிடக்கூடியதாகிவிட்டது. அதனால்தான் சிலர் மரணத்துக்குப் பிறகு அவருடைய பாடல்களை ஓயாமல் கேட்கிறார்கள். வேறு சிலரால் மாதக்கணக்கில் ஒரு பாடலைக்கூடக் கேட்க முடிவதில்லை. இரண்டும் இயல்பானவை.

இறந்தவர் பிறருக்குத் தீங்கு செய்தவர் என்று தெரிந்திருந்தால் துக்கம் இன்னும் குழப்பமாகும். அவருடைய கலையால் துயரிலிருந்து மீண்டவர்களும் அவருடைய செயலால் காயப்பட்டவர்களும் ஒரே நாளில் பேசுவார்கள். கலைக்காக வருந்துவதும் செயலைக் கண்டிப்பதும் ஒரே மனத்தில் சேர்ந்து இருக்க முடியும். ஆனால் பாதிக்கப்பட்டவர்களை அந்த நாளில் வாய்மூடச் சொல்லும் உரிமை எந்த ரசிகருக்கும் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

இறந்த விதம்

நிறைவாழ்வு வாழ்ந்து முதுமையில் ஒருவர் இறக்கும்போது துயரத்தோடு நன்றியும் கலந்திருக்கும். திடீர் மரணம் அப்படிப்பட்டதல்ல. பிரேசில் நாட்டுக் கார்ப் பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா 1994 மே 1 அன்று இத்தாலியின் இமோலா பந்தயத்தில் விபத்துக்குள்ளானதைப் பல நாடுகளில் மக்கள் நேரடி ஒளிபரப்பில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வயது 34. பிரேசில் அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் 2020 ஜனவரி 26 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது அவருடைய 13 வயது மகளும் உடனிருந்தார். மொத்தம் ஒன்பது பேர் மாண்டார்கள். தகப்பன்களாக இருந்த ரசிகர்களைத் தாக்கியது அந்தச் சிறுமியின் மரணம்தான். 1980 டிசம்பர் 8 அன்று பாடகர் ஜான் லெனன் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டதைப் போன்ற நிகழ்வுகளில் துக்கத்தோடு சினமும் சேர்கிறது. அந்தச் சினத்தைக் காட்டுவதற்கு ரசிகருக்கு இடமும் கிடைப்பதில்லை.

எல்லாவற்றிலும் கவனமாகக் கையாள வேண்டியது தற்கொலை. அமெரிக்க நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்ட் 11 அன்று இறந்தார். அதன்பின் அந்த ஆண்டின் இறுதி வரை அமெரிக்காவில் நிகழ்ந்த தற்கொலைகள், முந்தைய போக்கை வைத்து எதிர்பார்க்கப்பட்டதைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு, அதாவது 1,841 கூடுதலாக இருந்தன என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட கட்டுரை, பிரபலங்களின் தற்கொலைச் செய்திகளைத் தொடர்ந்த காலத்தில் தற்கொலைகள் சராசரியாக 13 விழுக்காடு கூடின என்றும், இறந்த முறையை ஊடகங்கள் விவரித்தபோது அதே முறையிலான மரணங்கள் 30 விழுக்காடு கூடின என்றும் கண்டறிந்தது. செய்தி எழுதுகிறவர்களும் பகிர்கிறவர்களும் முறையை விவரிக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்துவது இதனால்தான்.

இந்தப் பரவல் தடுக்க முடியாத விதியல்ல. பாடகர் கர்ட் கோபேன் 1994 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொண்டபோது, அவர் வாழ்ந்த சியாட்டில் நகரத்தில் இளைஞர்கள் பலர் அவரைப் பின்பற்றுவார்கள் என்ற அச்சம் எழுந்தது. அங்கே ஊடகங்களும் பொது நினைவுக் கூட்டமும் அவருடைய இசையைப் போற்றின; அவருடைய முடிவைப் போற்றவில்லை. உதவி எங்கே கிடைக்கும் என்ற தகவலும் சேர்த்தே சொல்லப்பட்டது. பின்னர் ஆராய்ந்தவர்கள் அந்நகரில் தற்கொலைகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்றும், உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள் கூடின என்றும் கண்டார்கள். நெருக்கடியிலிருந்து மீண்டு வந்தவர்களின் கதைகளைச் சொல்லும் செய்திகள் உயிர்களைக் காக்கக்கூடும் என்பதற்கு 2010-இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வு ஒன்றும் ஆதாரம் தந்தது. ஆகவே ஒரு பிரபலம் இப்படி இறந்த அன்று, "அவருக்கு இப்போதாவது அமைதி கிடைத்திருக்கும்" என்று எழுதத் தோன்றினால், அதே வலியில் இருக்கும் வேறொருவர் அதைப் படிப்பார் என்பதை எண்ணிப் பார்த்து, அந்த வரியை எழுதாமல் விட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். சாவை விடுதலையாகக் காட்டும் சொற்கள் அன்பினால் எழுதப்பட்டாலும் ஆபத்தானவை.

இறந்த முறை தற்கொலையாக இல்லாதபோதும் கவனம் தேவை. இளவரசி டயானா 1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிசில் கார் விபத்தில் இறந்தார். அவருடைய இறுதிச் சடங்கைத் தொடர்ந்த ஒரு மாதத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தற்கொலைகள் ஏறத்தாழ 17 விழுக்காடு கூடியதாகவும், 25 முதல் 44 வயது வரையிலான பெண்களிடம் அந்த உயர்வு 45 விழுக்காடாக இருந்ததாகவும் அங்கே நடந்த ஆய்வு காட்டியது. இறந்தபோது டயானாவுக்கு வயது 36. அவரிடம் தங்களைக் கண்ட பெண்களை அந்த மரணம் ஆழமாகத் தாக்கியிருக்கிறது.

கூடி அழுவது

டயானாவின் மாளிகை வாசலில் மலைபோலக் குவிந்த மலர்களைப் பலரும் படங்களில் பார்த்திருப்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் தழுவி அழுதார்கள். கூடி அழுவதில் ரசிகருக்குக் கிடைக்கும் முதல் நன்மை, தன் துக்கம் பைத்தியக்காரத்தனம் அல்ல என்ற உறுதி. வீட்டிலும் அலுவலகத்திலும் மறைத்ததை அங்கே மறைக்க வேண்டியதில்லை. இன்று அந்த வாசல் பெரும்பாலும் இணையத்தில்தான் இருக்கிறது. மைக்கேல் ஜாக்சன் 2009 ஜூன் 25 அன்று இறந்தபோது ஒரே நேரத்தில் அவருடைய பெயரைத் தேடியவர்களின் எண்ணிக்கை அவ்வளவு பெரிதாக இருந்ததால், கூகுளின் அமைப்பு அதைத் திட்டமிட்ட தாக்குதல் என்று முதலில் தவறாகக் கருதியது.

ஆனால் இணையத்தில் கூடுவதற்கு ஒரு விலை உண்டு. இறந்த காட்சியும் கடைசி ஒளிப்படமும் குடும்பத்தார் கதறும் படங்களும் கேட்காமலே வந்து விழுந்துகொண்டிருக்கும். உண்மையான ரசிகர் யார், நேற்று வரை அவரைத் திட்டியவர் யார் என்ற சண்டையும் கூடவே வரும். துக்கத்தில் இருப்பவர் இந்தச் சண்டைக்குள் இழுக்கப்பட்டால் அழுது ஆறுவதற்குப் பதிலாகக் கோபத்தில் வேகிறார். முதல் நாள் செய்தியை அறிந்துகொண்ட பிறகு கைபேசியை வைத்துவிட்டு, அதே பாடகரை விரும்பும் ஒரு நண்பரோடு பேசுவதே நல்லது.

எத்தனை நாள் நீடிக்கும்?

துக்கம் ஐந்து கட்டங்களாக வரிசையாக நகரும் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அந்தக் கட்டங்களை எழுதியபோது, சாகும் நிலையில் இருந்த நோயாளிகளிடம் தாம் கண்டதையே அடிப்படையாகக் கொண்டிருந்தார். ஒருவரை இழந்து நிற்பவர்களின் துக்கம் அந்த வரிசைப்படி நகர்வதில்லை. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் ஆகிய ஆய்வாளர்கள் 1999-இல் முன்வைத்த விளக்கம் ரசிகர்களுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. துக்கப்படுகிறவர் ஒரு நேரம் இழப்பில் மூழ்குகிறார், மறு நேரம் அன்றாட வாழ்க்கைக்குத் திரும்புகிறார். இப்படிக் கடலலைபோல் வந்தும் போயும்தான் மனம் தேறுகிறது. காலையில் சிரித்துவிட்டு மாலையில் ஒரு பாட்டைக் கேட்டு அழுதால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

பெரும்பாலானவர்களுக்குத் துயரத்தின் கூர்மை சில நாட்களில், அல்லது சில வாரங்களில் மழுங்கிவிடும். குடும்பத்தில் ஒருவரை இழந்தால் வெறுமையான நாற்காலி அன்றாடம் கண்ணில் படும். பிரபலத்தின் மரணத்தில் அப்படி மாறிப்போன வீடு இல்லை என்பது இதற்கு முக்கியமான காரணம். அதன்பிறகு எஞ்சுவது நினைவு. இறந்தவரை மறந்து முன்னேறுவதுதான் நலம் என்ற பழைய கருத்தை 1990-களில் ஆய்வாளர்கள் மறுபரிசீலனை செய்தார்கள். இறந்தவரோடு உள்ள பிணைப்பை வேறு வடிவில் தொடர்வது பலருக்கு இயல்பானது, நலமானது என்று இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1977 ஆகஸ்ட் 16 அன்று இறந்தார். இன்றும் ஒவ்வோர் ஆகஸ்டிலும் மெம்ஃபிஸ் நகரில் உள்ள அவருடைய வீட்டின் முன் ரசிகர்கள் மெழுகுவத்தி ஏந்திக் கூடுகிறார்கள்.

சில வேளைகளில் துயரம் செயலாகவும் மாறுகிறது. பிரிட்டனின் தொலைக்காட்சிப் பிரபலம் ஜேட் கூடி 2009 மார்ச் 22 அன்று கருப்பைவாய்ப் புற்றுநோயால் 27 வயதில் இறந்தார். தம் நோயை அவர் மறைக்காமல் பொதுவெளியில் பேசினார். அவருக்கு நோய் கண்டறியப்பட்டதிலிருந்து மரணம் வரையிலான காலத்தையொட்டி, இங்கிலாந்தில் வழக்கத்தைவிட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கருப்பைவாய்ப் பரிசோதனைகள் கூடுதலாக நடந்தன. அந்தப் பெண்களில் பலர் அவரைத் திரையில் மட்டுமே அறிந்தவர்கள்.

அருகில் இருப்பவர்கள் செய்யக்கூடியது

உங்கள் வீட்டில் ஒருவர் இப்படித் துயரப்பட்டால், அந்தத் துயரம் நியாயமானதா என்று எடைபோட வேண்டாம். "அவருடைய எந்தப் பாட்டு உனக்கு ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டு, சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அவர் சொல்லும் கதையில் பாடகரைவிட அவருடைய சொந்த வாழ்க்கையே அதிகமாக இருக்கும்.

பிள்ளைகளிடம் கூடுதல் அக்கறை வேண்டும். பல குழந்தைகளுக்கு அவர்கள் சந்திக்கும் முதல் மரணமே தங்களுக்குப் பிடித்த ஒரு பிரபலத்தினுடையதாக இருக்கிறது. தூங்கிவிட்டார், வெளியூர் போய்விட்டார் என்று சொல்லாமல், அவர் இறந்துவிட்டார், இனி வர மாட்டார் என்று அவர்களுக்குப் புரியும் சொற்களில் உண்மையைச் சொல்ல வேண்டும். பதின்பருவத்தினர் இணையத்தில் என்ன பார்க்கிறார்கள் என்று விசாரணை போல் இல்லாமல் இயல்பாகக் கேட்க வேண்டும். பிரபலத்தின் மரணம் தற்கொலை என்றால் அதைப் பற்றிப் பேசாமல் தவிர்ப்பது தீர்வாகாது.

வாரங்கள் கடந்தும் உறக்கமோ உணவோ இல்லாமல், படிப்பும் வேலையும் நின்று, யாரோடும் பேசாமல் ஒருவர் ஒதுங்கிக்கொண்டே போனால் மனநல மருத்துவரை அணுக வேண்டும். அடியில் வேறொரு துக்கமோ மனச்சோர்வோ இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். இறந்தவரோடு போய்விட வேண்டும் என்பதுபோன்ற பேச்சு வந்தாலோ, வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலோ, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தைப் புதிதாக விதைத்துவிடாது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்டதும் பலருக்குப் பாரம் குறைகிறது. ஆம் என்று அவர் சொன்னால் அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடமோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிலோ பேச வைக்க வேண்டும்.